பாதுகாப்புப் பண்பாட்டை அளந்த வரலாறு



பள்ளியாசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் 35 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். அளத்தல் எங்கள் தொழில். மாணவன் கற்றதை மதிப்பெண்ணால் அளக்கிறோம். அவன் வருகையைப் பதிவேட்டால் அளக்கிறோம். பள்ளியின் நிலையை ஆண்டாய்வு அறிக்கையால் அளக்கிறோம். எனினும், நான் அளந்து கையொப்பமிட்ட ஒன்று முற்றிலும் பிழையாகிப்போன ஒரு நாள் என் நினைவை விட்டு அகலவில்லை. அந்த நாளிலிருந்தே இப் பேச்சைத் தொடங்குகிறேன்.

2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் மூண்ட தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். தமிழகத்தில் அழாத தாய் இல்லை. நடுங்காத ஆசிரியர் இல்லை. அதன் பின்னர் நான் பணியாற்றிய பள்ளிக்கும் ஒரு படிவம் வந்தது. மணல் வாளிகள் உள்ளனவா? தீயணைக்கும் கருவி உள்ளதா? அவசர காலத்தில் வெளியேறத் தனி வழி உள்ளதா? எல்லா வினாவுக்கும் ‘ஆம்’ என எழுதிக் கையொப்பமிட்டேன். நான் பொய் எழுதவில்லை. எல்லாம் இருந்தன.

சில மாதங்கள் கழித்து, ஆறாம் வகுப்பு மாணவர்களிடம், “தீப்பிடித்தால் எவ்வழியே ஓடுவீர்கள்?” என்று கேட்டேன். பின்வாயிலைச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு சிறுவன் எழுந்து, “முன்வாயில் வழியாக, ஐயா. பின்வாயில்தான் நண்பகலில் பூட்டியிருக்குமே!” என்றான். உணவு இடைவேளையில் பிள்ளைகள் வெளியே ஓடிவிடுகிறார்கள் என்பதற்காகக் காவலாளி நாள்தோறும் அதைப் பூட்டி வந்திருக்கிறார். பள்ளி முழுவதும் அதை அறிந்திருந்தது. அறியாதவன் நான் ஒருவனே. மூத்த ஆசிரியர் ஒருவரை அழைத்து, “என்னிடம் ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன். அவர் சற்றுத் தயங்கி, “தாங்கள் படிவத்தில் ‘ஆம்’ என்று எழுதி அனுப்பிவிட்டீர்கள். அதன் பிறகு எப்படி ஐயா சொல்வது?” என்றார்.

அந்த விடை என்னை உறங்கவிடவில்லை. வாயில் இருந்ததை நான் அளந்தேன். அது பூட்டியிருப்பதை என்னிடம் வந்து சொல்லும் துணிவு என் பள்ளியில் இருந்ததா என்பதை அளக்கவில்லை. அணு உலை, எண்ணெய் ஆலை, விமானம், விண்வெளி ஓடம் முதலிய பேரிடர் பொதிந்த துறைகளில் இந்த இரண்டாவது பொருளை அளக்க மனிதர் முயன்ற வரலாறு ஒன்று உண்டு. அதை நாடிப் படிக்கத் தொடங்கியது அதன் பின்னரே. அப் பொருளுக்கு அறிஞர் இட்ட பெயர் ‘பாதுகாப்புப் பண்பாடு’ என்பது.

முதலில் பழைய அளவுகோலைக் காண்போம். தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில், பாதுகாப்பை அளக்க ஒரே வழிதான் தெரிந்திருந்தது. காயம்பட்டவர்களை எண்ணுவதே அவ் வழி. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஹைன்ரிச் என்பவர் 1931-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு பெருங்காயம் நேர்ந்தால் அதற்குப் பின்னே 29 சிறு காயங்களும், காயமின்றித் தப்பிய 300 நிகழ்ச்சிகளும் இருக்கும் என்பது அவர் கணக்கு. ஆகவே சிறியவற்றைக் குறைத்தால் பெரியதும் குறையும் என்று பலர் முடிவு செய்தனர். ஆலை வாயில்களில், ‘இத்தனை நாட்களாக விபத்து இல்லை’ என்று எழுதிய பலகைகள் தொங்கலாயின.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஓர் இடறல் உண்டு. வழுக்கி விழுந்து கைமுறிவதற்கும், ஆலை வெடித்துச் சிதறுவதற்கும் காரணம் ஒன்றல்ல. முன்னதைத் தடுக்கத் தலைக்கவசமும் நல்ல காலணியும் உதவும். பின்னதைத் தடுக்க அவை உதவா. மேலும் பெருவிபத்து என்பது பல்லாண்டுக்கு ஒரு முறை நேர்வது. நேற்று வரை நேராதது, நாளை நேராது என்பதற்குச் சான்றாகாது. தேர்வே எழுதாத மாணவனை, ‘இதுவரை தோற்றதில்லை’ என்று புகழ்வது எவ்வளவு பொருந்துமோ, அவ்வளவே இதுவும் பொருந்தும்.

கருவிகளை எண்ணுவதும் போதாது என்பதை நம் நாடே உலகுக்குக் காட்ட நேர்ந்தது. 1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் இரவு போபாலில் நச்சு வாயு பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்த ஆலையில் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இல்லை. நச்சுத் திரவத்தைக் குளிர்விக்கும் இயந்திரம் இருந்தது. அது மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்துவிடும் கோபுரம் இருந்தது. அதன் குழாய் பழுதுபார்ப்பதற்காகக் கழற்றப்பட்டிருந்தது. ‘உள்ளதா?’ என்று கேட்கும் படிவத்தில் இவை யாவும் ‘ஆம்’ என்றே விடை பெற்றிருக்கும். என் பின்வாயிலும் அவ்வாறே பெற்றது.

இனி, பெயர் பிறந்த கதைக்கு வருவோம். 1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், அன்றைய சோவியத் நாட்டின் உக்ரைன் பகுதியில், செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காவது உலை வெடித்தது. அதை ஆராய்ந்த பன்னாட்டு அணுசக்தி முகமையின் அறிவுரைக் குழு, அதே ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் ‘பாதுகாப்புப் பண்பாடு’ என்னும் சொற்றொடரைக் கையாண்டது. 1991-இல் தனி அறிக்கை ஒன்றில் அதற்கு இலக்கணமும் வகுத்தது. ஒரு நிறுவனத்திலும் அதில் உழைக்கும் மக்களிடத்திலும், பாதுகாப்பே எல்லாவற்றுக்கும் முதன்மையானது என்னும் மனப்பாங்கும் பழக்கமும் நிலைபெற்றிருத்தல் என்பது அதன் சாரம்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். தொடக்கத்தில் பழி பெரும்பாலும் உலையை இயக்கியவர்கள்மேல் விழுந்தது. 1992-இல் அதே குழு தன் கருத்தைத் திருத்திக்கொண்டது. உலையை நிறுத்துவதற்காகக் கோல்களை உள்ளே இறக்கும்போது, சில நிலைகளில் தொடக்கத்தில் ஆற்றல் குறைவதற்கு மாறாகக் கூடும் என்னும் வடிவமைப்புக் குறை 1983-இலேயே, லிதுவேனியாவின் இக்னலினா நிலையத்தில் கண்டறியப்பட்டிருந்தது. அந்த அறிவு, உரிய வகையில் உலையை இயக்குவோரைச் சென்று சேரவில்லை. ஆக, நோய் ஒருசிலர் கையில் மட்டும் இருக்கவில்லை. அறிந்தவர்க்கும் அறிய வேண்டியவர்க்கும் இடையே செய்தி நின்றுபோன இடத்தில் இருந்தது.

பெயர் 1986-இல் பிறந்தது என்றாலும் அளவுகோல் அதற்கு முன்பே பிறந்துவிட்டது. இஸ்ரேல் நாட்டு உளவியல் அறிஞர் டோவ் ஸோஹர் 1980-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 20 தொழிற்சாலைகளின் தொழிலாளரிடம் 40 கூற்றுகள் கொண்ட வினாத்தாளை அளித்து, ஒவ்வொன்றையும் அவர்கள் எவ்வளவு ஒப்புகிறார்கள் என்று கேட்டார். காயங்களை அவர் எண்ணவில்லை; ‘இங்கே பாதுகாப்பு எத்தகைய இடம் பெற்றிருக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?’ என்பதே அவர் வினாக்களின் உட்பொருள். அவர் கண்ட பயன் வியப்பானது. மேலாளர் உண்மையில் எதை மதிக்கிறார் என்று தொழிலாளர் கருதுகிறார்களோ, அது முதன்மையானவற்றுள் ஒன்றாக நின்றது. சுவரில் ஒட்டிய வாசகத்தைத் தொழிலாளர் படிப்பதில்லை; உற்பத்தி தாமதமாகும்போது மேலாளர் முகம் எப்படி மாறுகிறது என்பதைப் படிக்கிறார்கள். நம் வகுப்பறைகளிலும் பிள்ளைகள் பாடத்தைவிட ஆசிரியரின் முகத்தையே நன்றாகப் படிக்கிறார்கள் அல்லவா?

மற்றோர் அளவுகோல் விமானத் துறையில் தோன்றியது. 1974-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள், வாஷிங்டன் நகருக்கருகே இறங்கவிருந்த பயணிகள் விமானம் ஒன்று மலையில் மோதி 92 பேரும் மாண்டனர். தரைக் கட்டுப்பாட்டாளர் கூறிய ஒரு சொற்றொடரை விமானிகள் தவறாகப் பொருள்கொண்டு, உரிய இடத்துக்கு முன்பே கீழே இறங்கிவிட்டனர் என்பது தெரியவந்தது. அதைவிட வேதனையான செய்தி ஒன்றும் உண்டு. ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில் அதே தவற்றைச் செய்து, மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. ஆனால் அச் செய்தி மற்ற நிறுவனங்களுக்குச் செல்ல வழியே இருக்கவில்லை.

அந்த வழியை அமைப்பதற்காக 1976-இல் அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு தொடங்கப்பட்டது. விமானிகளும் கட்டுப்பாட்டாளரும் தாம் செய்த தவற்றையும், தப்பிய இடரையும் எழுதி அனுப்பலாம். தண்டிக்கும் அதிகாரமுள்ள துறையிடம் அதை ஒப்படைத்தால் யார் எழுதுவார்? ஆகவே ‘நாசா’ என்னும் விண்வெளி நிறுவனம் அதை நடத்தியது. எழுதியவரின் பெயர் நீக்கப்படும். இவ்வாறு, தவற்றை ஒப்புக்கொள்ளும் கடிதங்களே பாதுகாப்பின் சான்றாயின. கடிதங்கள் பெருகினால் தவறுகள் பெருகின என்று பொருளல்ல. நம்பிக்கை பெருகியது என்றே பெரும்பாலும் பொருள். கடிதமே வராத இடத்தைக் கண்டுதான் அஞ்ச வேண்டும்.

நாசா நிறுவனமே இந்தப் பாடத்தைத் தன் இல்லத்தில் மறந்தது என்பது வரலாற்றின் துயரங்களுள் ஒன்று. 1986-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் சாலஞ்சர் என்னும் விண்வெளி ஓடம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதைந்து, எழுவர் உயிரிழந்தனர். அவருள் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்னும் பள்ளியாசிரியை. விண்ணிலிருந்து பாடம் நடத்தச் சென்றவர். ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் கடுங்குளிரில் நெகிழ்ச்சியை இழக்கும் என்று, முதல்நாள் இரவு தொலைபேசிக் கூட்டத்தில் பொறியாளர்கள் எடுத்துரைத்தனர். அவர்கள் சொல் ஏறவில்லை.

விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலறிஞர் ரிச்சர்ட் ஃபெயின்மன் ஓர் எளிய அளவையைக் கையாண்டார். ‘இந்த ஓடம் அழிந்துபோகும் வாய்ப்பு எவ்வளவு?’ என்று பலருடைய மதிப்பீட்டையும் திரட்டினார். பொறியாளர் பக்கத்திலிருந்து வந்த மதிப்பீடு, 100-க்கு ஒன்று என்னும் அளவை ஒட்டியிருந்தது. மேலாளர் பக்கத்திலிருந்து வந்ததோ 1,00,000-க்கு ஒன்று! ஒரே ஓடம், ஒரே நிறுவனம், மதிப்பீட்டில் ஆயிரம் மடங்கு வேறுபாடு. எந்த எண் சரி என்பது ஒருபுறமிருக்க, இரண்டுக்கும் இடையே இருந்த பள்ளமே அந்த நிறுவனத்தின் நோயை அளந்து காட்டிற்று. அந்தப் பள்ளம் முற்றும் தூரவில்லை. 2003-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் கொலம்பியா ஓடம் திரும்பி வரும்போது சிதைந்தது. நம் நாட்டில் பிறந்த கல்பனா சாவ்லாவும் அதில் உயிர்நீத்தார். அதன் விசாரணைக் குழு, இறக்கையைத் தாக்கிய நுரைத்துண்டுக்கு நிகராக நிறுவனத்தின் பண்பாடும் காரணம் என்று எழுதியது.

இப்போது இவ் வரலாற்றின் நடுப்பகுதிக்கு வருகிறோம். அளவுகோல்கள் கிடைத்துவிட்டன. அளந்தார்கள். அதன் பின்னும் என்ன நேர்ந்தது என்பதைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி என்னும் ஊரில் பி.பி. நிறுவனத்துக்கு ஒரு பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. அங்கே தனிமனிதர் அடையும் காயங்கள் குறைந்து வந்தன; அது மேலிடத்துக்கு மனநிறைவு தந்தது. எனினும் ஆலையின் தலைவர்களே ஒரு வெளிக் குழுவை அழைத்துத் தொழிலாளரின் மனநிலையை ஆராயச் செய்தனர். 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் அறிக்கை வந்தது. ‘இன்று நான் இறந்துபோகலாம்’ என்னும் எண்ணம் இவ்வளவு மெய்யாக நிலவும் இடத்தைத் தாங்கள் கண்டதில்லை என்று அக் குழு கூறிற்று. அளவுகோல் பொய் சொல்லவில்லை.

மார்ச் 23-ஆம் நாள், சுமார் 170 அடி உயரமுள்ள கோபுரக் கலம் ஒன்றை மீண்டும் இயக்கத் தொடங்கினர். திரவம் அளவுமீறி ஏறியது. அளவுகாட்டியோ மட்டம் இறங்குவதாகக் காட்டியது. எச்சரிக்கை மணிகளுள் ஒன்று ஒலிக்கவும் இல்லை. திரவம் பொங்கி வழிந்து ஆவியாய்ப் பரவித் தீப்பற்றியது. அருகிலிருந்த தற்காலிக அறைகளில் இருந்த ஒப்பந்தத் தொழிலாளருள் 15 பேர் மாண்டனர். 180 பேர் காயமுற்றனர். அன்று நண்பகலில்தான், ஒரு மாத காலம் பணிநாள் இழக்கும்படியான காயம் ஏதும் நேராததைப் பாராட்டி விருந்தொன்று நடந்திருந்தது. விருந்தும் வெடிப்பும் ஒரே நாளில்! காயங்களை மட்டும் எண்ணும் பழைய அளவுகோலின் குறையைக் காட்ட இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

பின்னர், முன்னாள் வெளியுறவுச் செயலாளர் ஜேம்ஸ் பேக்கர் தலைமையில் ஒரு குழு, அந்த நிறுவனம் அமெரிக்காவில் நடத்திய ஐந்து சுத்திகரிப்பு ஆலைகளிலும் வினாத்தாள் வழங்கி ஆராய்ந்து, 2007-ஆம் ஆண்டு ஜனவரியில் அறிக்கை தந்தது. மேலாளர்கள் தம் ஆலையைப் பற்றி நல்ல கருத்தே கொண்டிருந்தனர்; இயந்திரத்தருகே நின்று உழைத்தவர்களின் கருத்து அவ்வளவு நன்றாக இல்லை. ஃபெயின்மன் கண்ட அதே பள்ளம் இங்கும் தெரிந்தது.

மூன்றாண்டுகள் கழிந்தன. 2010-ஆம் ஆண்டு மார்ச்சில், மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு தோண்டிக்கொண்டிருந்த டீப்வாட்டர் ஹொரைசன் என்னும் மிதவை மேடையில் ஒரு பாதுகாப்புப் பண்பாட்டு ஆய்வு நடந்தது. குறையைச் சொன்னால் தண்டனை வருமோ என்னும் அச்சம் பணியாளரிடையே இருந்ததை அது வெளிப்படுத்தியது. ஏப்ரல் 20-ஆம் நாள் மேடை வெடித்து 11 பேர் மாண்டனர். ஏழாண்டுகள் பணிநாள் இழப்புக் காயம் இல்லாததைக் கொண்டாட உயர் அலுவலர்கள் அன்றுதான் மேடைக்கு வந்திருந்தனர்.

நண்பர்களே, இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் நமக்கு உணர்த்துவது யாது? வெப்பமானி காய்ச்சலைக் காட்டும், தணிக்காது. அளந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அது காட்டும் இடத்துக்கு உடனே நடந்து செல்பவர் இல்லையென்றால், அளந்ததும் அளவாததும் ஒன்றே.

வினாத்தாளுக்கும் எல்லை உண்டு. அச்சம் நிறைந்த இடத்தில் வினாத்தாளுக்கும் அச்சமே விடை எழுதும். ‘நல்ல எண் வந்தால் பரிசு’ என்று அறிவித்துவிட்டால் எண் நல்லதாகும். ஆலை பழையபடியே இருக்கும். ஆகவே அறிஞர்கள் இன்று ஒரே அளவுகோலை நம்புவதில்லை. வினாத்தாளோடு, தனித்தனியே உரையாடுகிறார்கள். பணி நடக்கும் இடத்தில் நின்று பார்க்கிறார்கள். பழுதுபார்க்க வேண்டியவை எத்தனை நாள் கிடப்பில் கிடந்தன என்று கணக்கிடுகிறார்கள். குறை சொன்ன கடிதங்களுக்கு எத்தனை நாளில் விடை சென்றது என்று பார்க்கிறார்கள். மேலோர் விடைக்கும் கீழோர் விடைக்கும் உள்ள இடைவெளியை நோக்குகிறார்கள். 

அமெரிக்கச் சமூகவியலறிஞர் ரான் வெஸ்ட்ரம் இவையனைத்தையும் ஒரு வினாவில் அடக்கினார். தீய செய்தி கொண்டுவருபவனுக்கு உங்கள் நிறுவனத்தில் என்ன நேர்கிறது? ஒருவகை நிறுவனத்தில் அவன் தண்டிக்கப்படுகிறான். இன்னொரு வகையில் அவன் பொருட்படுத்தப்படுவதில்லை. மூன்றாம் வகையில் அவ்வாறு செய்தி கொண்டுவர அவன் பயிற்றப்படுகிறான். இக் கருத்து நமக்குப் புதிதன்று. தவறு கண்டபோது கடிந்து சொல்லும் துணைவரைப் பெறாத மன்னனுக்கு அழிவு நேரப் பகைவன் தேவையில்லை என்பது வள்ளுவப் பெருந்தகையின் துணிபு.

இனி என் பின்வாயிலுக்கு மீள்வோம். பூட்டை அன்றே கழற்றினோம், அது எளிது. அடுத்த திங்கட்கிழமை ஆசிரியர் கூட்டத்தில், நான் எழுதிய ‘ஆம்’ தவறானது என்று எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டேன். அது எளிதாக இல்லை. திருத்திய விடையை மேலிடத்துக்கும் எழுதி அனுப்பினேன். ஒரு குறிப்பேட்டை அலுவலக அறையின் வெளியே வைத்து, பள்ளியில் யார் எந்த இடரைக் கண்டாலும் எழுதலாம் என்று அறிவித்தேன். மூன்று வாரங்கள் ஏடு வெறுமையாக இருந்தது. நான்காம் வாரம் துப்புரவுப் பணி செய்த அம்மையார் தயங்கித் தயங்கி வந்து, “எனக்கு எழுதத் தெரியாது ஐயா. சத்துணவுக்கு வாங்கிய விறகையெல்லாம் மாடிப்படிக்குக் கீழே அடுக்கியிருக்கிறார்கள். சொல்லலாமா?” என்று கேட்டார். அவர் சொல்லச் சொல்ல நானே ஏட்டில் எழுதினேன். அன்று மாலைக்குள் விறகு இடம் மாறியது. மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவருக்கு நன்றி கூறினேன். அதன் பின் ஏடு நிறையத் தொடங்கிற்று.

ஆண்டாய்வுக்கு வந்த அலுவலர் ஒருவர் அவ் வேட்டைப் புரட்டிப் பார்த்து, “இத்தனை குறைகளா உமது பள்ளியில்?” என்று வினவினார். “குறைகள் முன்பும் இருந்தன, ஐயா, இப்போதுதான் என் காதுக்கு எட்டுகின்றன” என்றேன்.

மாணவ மாணவியரே, உங்களுள் பலர் நாளை ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் இருப்புப் பாதையிலும் அணு உலைகளிலும் பொறுப்பேற்பீர்கள். சிலர் தலைமை ஏற்பீர்கள். விபத்தில்லா நாட்களை எண்ணும் பலகை உங்கள் வாயிலிலும் தொங்கலாம். அதைப் பார்த்து மகிழுமுன், உங்களிடம் வந்து யாரேனும் ஒரு குறையைக் கடைசியாகச் சொன்னது எந்த நாள், சொன்னவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். நான் அதை ஒரு பதினோரு வயதுச் சிறுவனிடம் கற்றேன். அவன் சொன்னது தீ மூளுவதற்கு முன்பாக இருந்தது என் நற்பேறு.